காலனிக்கு நீலம் பூசிய வரைபடம்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் என்னுடைய முதல் வரைபடத்தை வரைந்து முடித்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊரையும் சுற்றியுள்ள சில ஊர்களையும் எடுத்துக்கொண்டு, மக்கள் குடிக்கும் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் வரைபடம் அது. நல்ல தண்ணீர் என்றால் நீலம், சுமார் என்றால் மஞ்சள், குடிக்க முடியாது என்றால் சிவப்பு. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று குழைந்து பார்க்க அழகாக இருந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். பெருமையாக அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அன்று இரவு அம்மா போன் செய்தார்.

"இதுல நம்ம தெரு எங்க பாப்பா இருக்கு?"

இடத்தைச் சொன்னேன்.

"நீலமா இருக்கே. நீலம்னா என்னா?"

"நல்ல தண்ணின்னு அர்த்தம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் ஏன் இன்னும் மோட்டார் கொட்டாய்க்குக் குடத்தத் தூக்கினு போறேன்?"

என்னிடம் பதில் இல்லை. நானும் அந்தக் கொட்டாய்க்குக் குடம் தூக்கியவள்தான். மோட்டார் ஓடும் நேரம் பார்த்து, நிலத்துக்காரர் முகம் பார்த்து, வரப்போரம் காத்திருந்தவள்தான். எங்கள் தெருக் கைப்பம்பில் வரும் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அதைத் தெரிந்துகொண்டே, எங்கள் காலனித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று ஒரு வரைபடம் செய்து, கீழே என் பெயரையும் போட்டிருக்கிறேன். நீலம் நமக்குப் பிடித்த நிறம்தான். ஆனால் இந்த நீலம் எங்கிருந்து வந்தது?

புள்ளிகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், நான் தினமும் பயன்படுத்தும் மென்பொருள் என்ன செய்கிறது என்றே எனக்குப் புரிந்தது.

அறிவியல் வரைபடம் என்று நாம் பார்க்கும் வண்ணப் படத்தில், உண்மையில் அளக்கப்பட்டவை சில புள்ளிகள் மட்டுமே. ஒரு கிணற்றடியில் நின்று தண்ணீர் எடுத்து, மீட்டரில் அளந்து, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொள்கிறோம். இப்படிச் சில பத்துப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை எக்செல்லில் ஏற்றி, கியூஜிஐஎஸ், சர்ஃபர் போன்ற ஒரு மென்பொருளுக்குக் கொடுத்தால், அது நிலப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. அளக்காத ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பை ஊகிக்கிறது. இதற்கு இடைக்கணிப்பு என்று பெயர்.

ஊகிக்கும் முறைகள் பல உண்டு. எளிமையானது, அருகில் உள்ள புள்ளிகளுக்கு அதிக எடையும் தொலைவில் உள்ளவற்றுக்குக் குறைந்த எடையும் கொடுத்துச் சராசரி எடுப்பது. இன்னும் நுட்பமான ஒரு முறைக்குக் கிரிகிங் என்று பெயர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை செய்த டேனி கிரீக் என்ற பொறியாளரின் பெயரிலிருந்து வந்தது. முறைகள் வேறு வேறு என்றாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவை ஒன்றுபோல இருக்கும், தள்ளிப் போகப் போக வேறுபடும் என்பதே அது. 1970இல் வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் இதை ஒரு விதியாகவே சொன்னார். இன்றும் புவியியல் வகுப்புகளில் முதல் பாடங்களில் ஒன்றாக அது வருகிறது.

மழைக்கு இந்த அனுமானம் பெரும்பாலும் பொருந்தும். வெயிலுக்குப் பொருந்தும். ஆனால் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவே இருப்பது ஒரு கழனியும் ஒரு வாய்க்காலும்தான். அந்தத் தூரத்துக்குள் தண்ணீர்த் தொட்டி மாறுகிறது, குழாய் மாறுகிறது, தண்ணீர் விடும் நேரம் மாறுகிறது, சுடுகாடு மாறுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றுபோல வாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே திட்டமிட்டுப் பிரித்துக் கட்டப்பட்டதல்லவா சாதி கிராமம்? அந்த நிலத்தின்மேல் "பக்கத்தில் இருப்பவை ஒன்றுபோல இருக்கும்" என்ற விதியை வைத்து நிறம் தீட்டினால் என்ன ஆகும்? ஊர்க் கிணறுகளின் நல்ல தண்ணீர், என் திரையில் மட்டும், வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குள் பாய்ந்துவிடும். நிஜத்தில் ஒருநாளும் அது பாய்ந்ததில்லை.

கிணறு இருந்தால்தான் புள்ளி

எல்லாப் பழியையும் மென்பொருள்மேல் போட்டுவிட முடியாது. காலனியில் நான் ஒரு மாதிரிகூட எடுக்கவில்லை என்பதுதான் அடிப்படைத் தவறு. ஏன் எடுக்கவில்லை?

ஆய்வுமுறை என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது இதுதான்: அந்தப் பகுதியில் உள்ள கிணறுகளின் பட்டியலை வாங்கு, அதிலிருந்து பரவலாகத் தேர்ந்தெடு, வண்டி போகும் வழி இருக்கிறதா என்று பார். நானும் பட்டியலை வாங்கினேன். அதில் இருந்தவை எல்லாம் நிலம் வைத்திருப்பவர்களின் கிணறுகள், அவர்களின் போர்வெல்கள். எங்கள் காலனியில் யாருக்கும் கிணறு கிடையாது. கிணறு வெட்ட நிலம் கிடையாது. நிலம் இல்லாததால் கிணறு இல்லை, கிணறு இல்லாததால் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாததால் மாதிரி இல்லை, மாதிரி இல்லாததால் தரவு இல்லை. தரவு இல்லாத இடத்தை மென்பொருள் சும்மா விடாது. பக்கத்தில் யாருடைய கிணறு இருக்கிறதோ அவருடைய மதிப்பை எடுத்து நிரப்பிவிடும்.

இது என் ஊரில் மட்டும் நடக்கும் விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. கிணறுகளை வைத்து நிலத்தடி நீரை அளக்கும் எந்த ஆய்வையும் கையில் எடுங்கள். அந்தக் கிணறுகள் யாருடைய நிலத்தில் இருக்கின்றன என்று கேளுங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் அந்தக் கேள்வியே எழுப்பப்பட்டிருக்காது. நில உடைமையின் கோணல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அறிவியல் தரவின் கோணலாக மாறிவிடுகிறது. காலனியில் பிறந்து வளர்ந்த நானே அதைக் கவனிக்கவில்லை. ஆய்வுமுறை என்ற சொல்லுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அம்மா சொன்ன ஒன்றும் நானே குடித்து வளர்ந்த ஒன்றும் தரவாகாது என்று அது என்னையும் நம்ப வைத்திருந்தது.

மறுவாரமே ஊருக்குப் போனேன். இந்தமுறை கிணறுகளை விட்டுவிட்டு, மக்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களோ அதை அளந்தேன். ஊர்த் தொட்டியின் குழாய், காலனித் தொட்டியின் குழாய், கைப்பம்பு, மோட்டார் கொட்டாய். ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் வருவது ஏரியோரம் போட்ட ஆழமான போர்வெல்லிலிருந்து. காலனித் தொட்டிக்கு வருவது காலனி ஓரத்திலேயே போட்ட ஆழமில்லாத ஒன்றிலிருந்து. பல நாள் மோட்டார் ஓடாது, ஓடாத நாளில் கைப்பம்புதான். கரைந்த உப்பின் அளவு ஊர்க் குழாயில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தது. எங்கள் கைப்பம்பில் 2,000ஐத் தாண்டியது. பருப்பு ஏன் வேகவில்லை என்பதற்கு இப்போது ஓர் எண் கிடைத்துவிட்டது.

பிளவுக்கோடும் ஒரு கேள்வியும்

நிலத்தடியில் பாறை பிளந்து விலகியிருக்கும் இடத்தை நிலவியலில் பிளவுக்கோடு என்பார்கள். கோட்டின் ஒருபக்கம் இருக்கும் மதிப்பு மறுபக்கத்துக்குப் பொருந்தாது. அதனால் சர்ஃபர் போன்ற மென்பொருள்களில் அந்தக் கோட்டை வரைந்து கொடுக்கும் வசதி உண்டு. கொடுத்துவிட்டால், இடைக்கணிப்பு அந்தக் கோட்டைத் தாண்டாது. பூமி தொடர்ச்சியானது அல்ல, சில இடங்களில் அது வெட்டுப்பட்டிருக்கிறது என்பது மென்பொருள் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அந்த வசதியை எடுத்து, ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஓடும் வாய்க்கால்மேல் ஒரு பிளவுக்கோடு வரைந்தேன். வரைபடம் மாறியது. கோட்டின் ஒருபக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு.

துறைக் கருத்தரங்கில் அதைக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "இந்த இடத்தில் பிளவு இருப்பதற்கு நிலவியல் ஆதாரம் என்ன?" நிலவியல் ஆதாரம் இல்லை, இது சாதிக் கோடு என்றேன். அரங்கில் சிலர் சிரித்தார்கள். "தண்ணீருக்குச் சாதி கிடையாதம்மா. அறிவியலுக்குள் இதையெல்லாம் கொண்டுவராதே" என்றார் அவர்.

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்தால், அவர் கேள்வியில் ஒரு பாதி நியாயம் இருந்தது. எங்கள் பகுதி கடினப்பாறைப் பகுதி. பாறை இடுக்குகளில்தான் தண்ணீர் தேங்கும். அதனால் அடுத்தடுத்த இரண்டு போர்வெல்களில்கூட உப்பின் அளவு மாறலாம், அதற்குச் சாதி காரணமாக இருக்க வேண்டியதில்லை. நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை நான் வரைந்திருந்தால், அந்தக் கோடு தவறுதான். ஆனால் நான் வரைந்தது மக்கள் குடிக்கும் தண்ணீரை. பாறைக்குள் இருக்கும் தண்ணீர் யார் என்று பார்க்காது. எந்த இடுக்கில் துளை போடுவது, எவ்வளவு ஆழம் போடுவது, அங்கிருந்து குழாயை எந்தத் தெருவரை கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவு செய்கிறவர்கள் பார்ப்பார்கள். அந்த முடிவுகளுக்கு நிலவியல் ஆதாரம் கேட்டால் கிடைக்காது. பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்தில்தான் கிடைக்கும்.

ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் புதிய செய்தி அல்ல. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது நாடே பேசியது. அந்தக் கொடுமைக்கு முன்னும் பின்னும் தொட்டிகள் தனித்தனியாகவே இருக்கும் எத்தனையோ ஊர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம். மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் 2,000வரை அனுமதிக்கலாம். மென்பொருளில் நிறங்களுக்கான எல்லையை வைக்கும்போது, எதை எல்லையாக வைப்பது? 2,000 என்று வைத்தால், 1,800 உள்ள ஒரு காலனியும் "அனுமதிக்கப்பட்ட அளவு" என்று நீலமாகிவிடும். 500 என்று வைத்தால் சிவப்பாகும். தரவு ஒன்றுதான், ஓர் எண்ணைத் தட்டினால் ஒரு தெருவின் பிரச்சினையே திரையிலிருந்து மறைந்துபோகும். அது மட்டுமல்ல. "மாற்று நீராதாரம் இல்லாத நிலை" என்பதை யார் தீர்மானிப்பது? எங்கள் காலனிக்கு மாற்று நீராதாரம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில், ஊர்த் தொட்டியில் இருக்கிறது.

கிராமம் என்னும் அலகு

இதுவரை சொன்னது ஓர் ஊரின் கதை. நாடு முழுக்க வரையும்போது இதே பிரச்சினை வேறு வடிவில் வருகிறது.

400 வீடுகள் கொண்ட ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஊரில் 320 வீடு, காலனியில் 80 வீடு. ஊரில் எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பு உண்டு, காலனியில் ஒன்றுக்கும் இல்லை. கிராமத்தின் கணக்கு 80 சதவீதம். வரைபடத்தில் 75க்கு மேல் இருந்தால் அடர்பச்சை என்று வைத்திருந்தால், இந்தக் கிராமம் அடர்பச்சை. பக்கத்துக் கிராமத்தில் எல்லாத் தெருக்களிலும் ஐந்தில் நான்கு வீட்டுக்கு இணைப்பு இருக்கலாம். அதுவும் 80 சதவீதம், அதே அடர்பச்சை. முதல் கிராமத்தில் தீண்டாமை இருக்கிறது, இரண்டாவதில் வேலை பாக்கி இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒன்று. மாவட்ட அளவுக்குப் போய்விட்டால் கிராமமே காணாமல் போகும்.

1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், வரைவு அரசமைப்பு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாக ஏற்றுக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்று சொன்னார். கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. அதை அரசியல் பேச்சாகவே படித்து வந்திருக்கிறேன். இப்போது படிக்கும்போது, தரவு ஆய்வாளருக்குச் சொன்ன அறிவுரையாகவும் எனக்குப் படுகிறது. கிராமம் ஒரே சமூகம் அல்ல, அதற்குள் ஒரு கோடு ஓடுகிறது. கிராமத்தை அலகாக வைத்துச் சராசரி எடுத்தால் முதலில் மறைவது அந்தக் கோடுதான். அரசமைப்பு கைவிட்ட அலகை நம் வரைபடங்கள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இது இன்றைக்கு அவசரமான பேச்சு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கணக்கெடுக்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 2027 மார்ச் 1 அதற்கான குறிப்பு நாள். 2011இல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பின் சாதி விவரங்கள் வெளியிடப்படவே இல்லை என்பது நினைவிருக்கும். இந்தமுறை எண்ண வேண்டும் என்று போராடியிருக்கிறோம், வெளியிட வேண்டும் என்றும் போராடுவோம். எந்த அலகில் வெளியிடுவார்கள் என்ற கேள்வியை மட்டும் நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. மாநிலத்தில் இந்தச் சாதி இத்தனை சதவீதம் என்ற எண், இடஒதுக்கீட்டு விவாதத்துக்கு அவசியம். குழாய், கழிப்பறை, சாலை, பள்ளி, நிலம் ஆகியவை எந்தத் தெருவில் நின்றுபோகின்றன என்று காட்ட அந்த எண் போதாது. குடியிருப்பு அளவில் வசதிகளின் கணக்கு வெளிவந்தால்தான் காலனி தனியாகத் தெரியும்.

நமக்கு முன்னே வரைந்தவர்கள்

வரைபடத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. இரண்டு கதைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ். ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வார்டில் வீடு வீடாகப் போய்க் கறுப்பின மக்களின் வாழ்க்கையைக் கணக்கெடுத்தார். 1899இல் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது, கறுப்பினக் குடும்பங்களின் சமூக நிலையை வீட்டுக்கு வீடு நிறம் தீட்டிக் காட்டும் வரைபடத்தையும் சேர்த்தார். வார்டு சராசரி என்று ஒரே நிறத்தில் முடிக்கவில்லை. 1900 பாரீஸ் உலகக் கண்காட்சிக்கு, அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு சுமார் 60 தரவுப் படங்களைக் கையாலேயே வரைந்தார். நில உடைமை, எழுத்தறிவு, தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுத்தறிவின்மையை ஐரோப்பிய நாடுகள் சிலவற்றோடு ஒப்பிட்ட படமும் அதில் உண்டு. அப்போது அவருக்கு வயது 32, ஏறக்குறைய என் வயது. மென்பொருள் இல்லை, மை இருந்தது, ஸ்கேல் இருந்தது. அடிமை முறை ஒழிந்து 35 ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு சமூகம், தன்னைப் பற்றிய தரவைத் தானே திரட்டித் தானே வரைந்தது என்பதுதான் அதில் பெரிய விஷயம்.

இரண்டாவது, நேரடியாகத் தண்ணீர் பற்றியது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜேன்ஸ்வில் நகரை ஒட்டி, கோல் ரன் என்ற பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். சுமார் 50 ஆண்டுகள் அவர்களுக்குக் குடிநீர் இணைப்பு கிடைக்கவில்லை. மழைநீரைப் பிடித்தும், லாரியில் தண்ணீரைச் சுமந்துவந்தும் வாழ்ந்தார்கள். பக்கத்திலேயே வெள்ளையர் வீடுகளுக்குக் குழாய் போயிருந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது, குழாய் செல்லும் பாதை, இணைப்பு உள்ள வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் வசிப்பவர் எந்த இனம் என்ற மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கணினி வரைபடங்கள் சாட்சியமாயின. குழாய் எந்த வீடுகளை விட்டுவிட்டு ஓடுகிறது என்று பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2008இல் நடுவர் குழு அந்த மக்களுக்குச் சுமார் 1.1 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஜேன்ஸ்வில் வரைபடத்தின் அலகு ஊரோ மாவட்டமோ அல்ல, வீடு.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதே அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்கான ஓர் அரசு நிறுவனம் நகரங்களை நான்கு நிறங்களில் வரைந்தது. கடன் கொடுப்பது ஆபத்து என்று கருதிய பகுதிகளுக்குச் சிவப்பு. கறுப்பின மக்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் சிவப்பில்தான் விழுந்தன. அந்தச் சிவப்பு பல தலைமுறைகளின் வீட்டையும் சொத்தையும் பறித்தது. ஆக, தெருவளவு வரைபடம் ஒரு கத்தி போல. யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம். எந்த வீட்டில் எந்தச் சாதி என்று பெயரோடு வரைந்து இணையத்தில் போடுவதை நான் கேட்கவில்லை. அது கலவரக்காரர்களுக்கு வழிகாட்டியாகிவிடும். தெரு அளவில் வசதிகளை வரையலாம், வீட்டின் இடத்தை மறைக்கலாம். காலனி மக்களின் ஒப்புதல் இல்லாமல் காலனியை வரையக் கூடாது. வரைந்த படம் முதலில் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இதைப் படிக்கும் பலர் கல்லூரியில் இருப்பீர்கள். கியூஜிஐஎஸ் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். ஆர், பைத்தான் இரண்டும் இலவசம். கைக்கு அடக்கமான உப்பு மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கருவி இல்லை என்ற காரணம் இனி செல்லாது. ஆனால் சில பழக்கங்கள் வேண்டும்.

அளந்த இடத்தைப் புள்ளியாகவே காட்டுங்கள். மக்கள் குடிக்கும் தண்ணீர் குழாய் வழி வருகிறது, அதற்குப் பரப்பு முழுக்க நிறம் பூசுவதில் பொருளே இல்லை. என் ஆய்வேட்டில் பிளவுக்கோட்டையும் எடுத்துவிட்டேன், குழைந்த நிறங்களையும் எடுத்துவிட்டேன். இப்போது புள்ளிகள் மட்டும் இருக்கின்றன.

அளக்காத இடத்தை வெள்ளையாக விட்டு, "தரவு இல்லை" என்று எழுதுங்கள். வெற்றிடம் அசிங்கம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி இல்லை. யார் வீட்டுக்கு நாம் போகவில்லை என்பதற்கு அந்த வெள்ளைதான் ஒப்புதல் வாக்குமூலம்.

சராசரியை மட்டும் காட்டாதீர்கள். ஊர்த்தெரு, காலனி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வோர் அளவையும் ஒரு புள்ளியாகப் போட்டுக் காட்டுங்கள். எளிமையான படம், ஆனால் மறைக்க இடம் இருக்காது. நிறத்துக்கு எந்த எல்லை வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள் என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பட்டியலோடு புறப்படாதீர்கள். தண்ணீர் தூக்குகிற பெண்களிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். எங்கே அளக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் செய்தால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பாரீஸில் தங்கப் பதக்கம் வாங்கிய டு போய்ஸே, உண்மைகளை அடுக்கிவைத்தால் மட்டும் போதாது என்று பின்னாளில் எழுதினார். ஆய்வோடு நிற்காமல் இயக்கம் கட்டப் போனார். ஜேன்ஸ்வில்லிலும் வரைபடம் தானாக நடந்து நீதிமன்றம் போகவில்லை. மக்கள் வழக்குப் போட்டார்கள், வரைபடம் அவர்களோடு போனது.

சென்ற முறை ஊருக்குப் போனபோது புதிய வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து எடுத்துப் போனேன். அம்மா தரையில் விரித்து வெகுநேரம் பார்த்தார். ஊர்த்தெருவில் நீலப் புள்ளிகள், எங்கள் தெருவில் சிவப்புப் புள்ளிகள், நடுவே வெள்ளை. "ம், இப்பத்தான் நம்ம தெரு மாதிரி இருக்கு" என்றார். பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "சரி, இத யார்கிட்ட காட்டப் போற?"

ஆய்வேட்டில் வரும், ஆங்கில இதழில் வரும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாடு முழுவதும் கிராம சபை கூடும். அங்கே அதைச் சுவரில் ஒட்டப் போகிறோம். நான் பேசப்போவதில்லை. அம்மாதான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.